மாசி, பங்குனிக் காற்றில் ஒரு தீக்குச்சி

கடலூர் மாவட்டத்து உழவர்களுக்குப் புயலையும் வெள்ளத்தையும் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 இறுதியில் பெருவெள்ளம் என அனைத்தையும் பட்டுத் தெரிந்துகொண்ட மண் இது. ஐப்பசி பிறந்தால் வடிகாலைப் பார்க்கிறோம். புயல் சின்னம் என்றால் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுகிறோம். ஆனால் மழை ஓய்ந்து, சம்பா அறுவடை முடிந்து, தாளும் சருகும் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் வரும் ஆபத்துக்கு நம்மிடம் எந்த ஆயத்தமும் இல்லை. அந்த ஆபத்து தீ.

காய்ந்த வைக்கோல், கரும்புச் சோகை, முந்திரிச் சருகு, சவுக்கு மிலாறு ஆகியவை காற்றின் ஈரத்தைச் சில மணி நேரத்திலேயே இழந்துவிடும் தன்மை கொண்டவை. காலையில் பனியில் நனைந்திருந்த தாள், பிற்பகல் 2 மணிக்குப் பஞ்சுபோல் பற்றும். வெப்பம் கூடி, காற்றில் ஈரப்பதம் குறைந்து, காற்றின் வேகமும் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். காற்று தீக்கு உயிர்வளி ஊட்டுகிறது. தீநாக்கைச் சாய்த்து அடுத்த தாளைச் சூடேற்றுகிறது. எரியும் சருகைத் தூக்கிச் சென்று வேறோர் இடத்தில் போடுகிறது. வரப்பில் நின்றுவிடும் என்று நாம் நம்பும் தீ வரப்பைத் தாண்டுவது இப்படித்தான்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் காற்று பெரும்பாலும் மெதுவாக, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறியதும் கடல்காற்று புகுந்து, திசையே மாறிவிடும். பரங்கிப்பேட்டை, சிதம்பரம், புவனகிரிப் பக்கம் இந்த மாற்றம் முன்னதாகவே வரும். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் தாமதமாக வரும். காலை 9 மணிக்குக் காற்றின் திசையைப் பார்த்து, "தீ நம் நிலத்துக்குள்ளேயே போகும்" என்று கொளுத்தியவர், நண்பகலில் அது பக்கத்து உளுந்து வயலை நோக்கித் திரும்புவதைப் பார்க்க நேரிடும். உள்பகுதியில் கடல்காற்றின் ஈரம் வந்து சேரும்வரை வறட்சியே பெரிய எதிரி. கோடை இடிமழைக்குச் சற்று முன் திடீரென்று வீசும் பலத்த காற்றும் இப்படித்தான் தீயைத் திருப்பிவிடும்.

இதில் நட்டப்படுபவர் பெரும்பாலும் தீ வைத்தவர் அல்லர். நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் முற்றிக் காயும் தறுவாயில்தான் பக்கத்து வயலில் தாள் எரிக்கப்படுகிறது. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரி பூத்துக் காய்க்கும் காலமும் இதுவே. சருகுத் தீ மரத்தைச் சாய்க்காவிட்டாலும் மேல்மட்டத்து ஊட்ட வேர்களையும் தாழ்ந்த கிளைகளின் பூங்கொத்துகளையும் கருக்கிவிடும். தீப்பட்ட கரும்போ நாள் கடத்தினால் எடையும் சர்க்கரைச் சத்தும் இழக்கும். ஆலையில் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க அதற்கு நேரமில்லை.

காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலுக்கான இழப்பீட்டில் மின்னலால் ஏற்படும் இயற்கைத் தீ இடம்பெறுகிறது. மனிதர் வைத்த தீ, தடுத்திருக்கக்கூடிய இழப்பு என்று ஒதுக்கப்படும். பக்கத்து வயல்காரர் கொளுத்திய தாளில் உங்கள் உளுந்து எரிந்தால் இழப்பு உங்களுடையது. ஊரில் ஒரு பகையும் மிச்சம்.

குரங்கணியை நாம் மறக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அது மலை, இது சமவெளி. ஆனால் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ மனிதரைவிட வேகமாக ஓடும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

தாளை எரிப்பவர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. அறுவடை இயந்திரம் வைக்கோலைச் சிதறவிட்டுப் போகிறது, கட்டு கட்டும் இயந்திரம் உரிய நாளில் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாவதில்லை. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ சாம்பல் சத்தும் உள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். எஞ்சும் சாம்பலையும் அதே காற்று அள்ளிக்கொண்டு போகும். பிறகு அந்தச் சத்தை உரக்கடையில் மூட்டையாக வாங்குகிறோம். வைக்கோலைக் கட்டாக விற்கலாம், மாட்டுக்குச் சேர்த்து வைக்கலாம். எஞ்சிய தாளை ஈரம் இருக்கும்போதே மடக்கி உழலாம். சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு இடையே பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும்.

காற்று பலமான நாளில் எதையும் கொளுத்தாதீர்கள். குப்பைக் குழிக்கும் இது பொருந்தும். வைக்கோல் போரைக் கூரை வீடு, அடுப்பங்கரை, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து தள்ளிப் போடுங்கள். போரைச் சுற்றியும், தோப்பின் எல்லையிலும் சில அடி அகலத்துக்கு உழுது வெறும் மண்ணாக விடுங்கள். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறும். உலர்த்திய பிறகே அடுக்குங்கள். அறுவடை இயந்திரத்தின் புகைக்குழாயிலும் எஞ்சினைச் சுற்றியும் படியும் தூசி, பதரை அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள். மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானைக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் களத்தில் வையுங்கள். முதல் சில நிமிடங்களில் அதுவே தீயணைப்பு வண்டி.

வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் லாரியும் தாழ்ந்த மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. பாரத்தின் உயரத்தைக் குறையுங்கள். போகும் வழியை முன்னதாகப் பார்த்து வையுங்கள். தொங்கும் கம்பி கண்டால் மின்வாரியத்தின் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் பதியுங்கள். தீ பிடித்தால் முதலில் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள், பிறகு அணைக்கப் பாருங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். மையோ பற்பசையோ தடவ வேண்டாம்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு சொல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. மேகதூத் செயலியிலும் காற்றின் வேகம், திசை, ஈரப்பதம் உண்டு. ஆனால் அதில் மழை எவ்வளவு என்று மட்டும் பார்த்து மூடிவிடுகிறோம். அமெரிக்காவில் ஈரப்பதம் குறைந்து காற்று வலுக்கும் நாளுக்குச் 'செங்கொடி எச்சரிக்கை' என்று தனிப் பெயரே உண்டு. நமக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. "இன்று காற்று பலம், யாரும் தாள் கொளுத்தாதீர்கள்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு வரி, கோயில் ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு போதும். அதைவிட முக்கியம், அறுவடை தொடங்கும் முன்பே எந்த ஊருக்கு எந்த வாரம் கட்டு கட்டும் இயந்திரம் என்று பட்டியல் போட்டுவிடுவது. மாற்று வழி கையில் இல்லாத உழவரிடம் எரிக்காதே என்று சொல்வது வெறும் சொல்லாகவே நிற்கும்.

புயலை நம்மால் நிறுத்த முடியாது. அது வரும்போது ஒதுங்கத்தான் முடியும். இந்தத் தீயில் பெரும்பகுதி நம் கையிலிருந்து தொடங்குவது. அதனால் நம் கையாலேயே தடுக்கவும் முடியும். காய்ந்த தாள் கிடக்கும் இந்த இரண்டு மாதமும் வானத்தைப் பார்ப்பதோடு காற்றையும் பாருங்கள்.