கட்டியைப் பிதுக்காதீர்கள், குட்டியை நிறுத்துப் பாருங்கள்

மளிகைக்கடைக்காரிக்குப் பூனை வைத்தியம் எதற்கு என்று கேட்பவர்கள், பருப்பு மூட்டையை எலி ஓட்டை போட்டுப் பார்த்திராதவர்கள். எங்கள் கடையில் பூனைகள் தலைமுறை தலைமுறையாக மூட்டைகளுக்குப் பின்னால்தான் குட்டி போடுகின்றன. அதனால் தெருவில் எந்தக் குட்டிக்கு என்ன வந்தாலும் துண்டில் சுற்றி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "அக்கா, வயித்துல கட்டி இருக்கு. ஊசியால குத்தி விட்டுரலாமா?"

கூடவே கூடாது. குட்டியின் தொப்புள்கொடி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காய்ந்து விழுந்துவிடும். அந்த இடத்தில் மெத்தென்று புடைத்திருந்து, மெல்லத் தொட்டாலே உள்ளே போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம். வயிற்றுச் சுவர் சரியாக மூடவில்லை என்று பொருள். குத்தினால் வருவது சீழல்ல, குடல். சிறிய புடைப்பு வளர வளரத் தானே மூடிக்கொள்வதுண்டு. அதுவே இறுகி, தொட்டால் குட்டி கதறினால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சிவந்து சூடாக இருந்தால் சீழ்க்கட்டி. அதையும் அவர்தான் திறக்க வேண்டும்.

புண்ணில் புழு வைத்துவிட்டால் நம்மவர்கள் பினாயிலையும் மண்ணெண்ணெயையும் தேடுவார்கள். பூனை எதைத் தடவினாலும் நக்கிவிடும். பினாயில் வகை மருந்துகளை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. பாரசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரையே பெரிய பூனையைக் கொன்றுவிடும். 'பூனைக்கெல்லாமா டாக்டர்' என்று சிரிப்பவர்கள்தான் இப்படிக் கைவைத்தியமும் சொல்கிறார்கள். அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் திறந்து வைத்ததல்ல. தயங்காமல் தூக்கிப் போங்கள்.

உண்மையில் கட்டியைவிட எனக்குப் பயம் எடைதான். குட்டியைக் கொண்டுவந்ததும் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் வைப்பேன் (தட்டில் துணி விரித்துத்தான், வாடிக்கையாளர்கள் கோபிக்க வேண்டாம்). பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், நாளுக்குப் 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றாலே கவனிக்க வேண்டும், குறைந்தால் காத்திருக்கவே கூடாது. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. பதறிப்போய்ப் பசும்பாலை வாயில் ஊற்றினால் புரையேறும், வயிற்றோட்டமும் சேரும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெல்லக் கதகதப்பாக்கிவிட்டு, பிறகுதான் பால். அதுவும் குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு.

ஒன்றிரண்டு குட்டிகள் அல்ல, எல்லாமே எடை ஏறாமல் கத்திக்கொண்டிருந்தால் குட்டிகளை விட்டுவிட்டுத் தாயைப் பாருங்கள். மடியில் ஒரு பக்கம் மட்டும் இறுகிச் சூடாக இருந்தால் அது மடிநோய். அப்போது மருத்துவரிடம் தாயையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.