மழை மாறிவிட்டது, மடை மாறவில்லை!

ஊரின் பெயரிலே கிணறு இருக்கிறது. வறட்சி வந்தால் கிணற்றிலே நீர் இருப்பதில்லை. கிணத்துக்கடவின் கதை இது, தோழர்களே! தெற்கே ஆனைமலையிலே, சின்னக்கல்லாற்றிலே, ஆடியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். மலைக்கு இப்பால் நமக்கு வாய்த்ததோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று! அதைக் கொண்டு காற்றாலை ஓட்டலாம். தக்காளிக்குப் பாய்ச்ச முடியுமா?

இந்தக் குறை போக்கத்தான் மேற்கே ஓடிய ஆறுகளை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். பாட்டாளியின் வியர்வையில் எழுந்தது பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டம். கேரளத்துடன் 1970-இல் செய்த ஒப்பந்தம், தமிழகத்துக்கு ஆண்டுக்கு 30.5 டி.எம்.சி. என்றது. ஏட்டிலே எழுதியது அத்தனையும் வாய்க்காலிலே வந்ததா? பாசனப் பரப்போ 3.77 லட்சம் ஏக்கராக வளர்ந்தது. நான்கு மண்டலமாகக் கூறு போட்டார்கள். ஒரு வயலுக்கு ஈராண்டுக்கு ஒரு முறை தண்ணீர்! அந்த முறையிலும் கடைமடைக்காரன் வாய்பார்த்து நிற்கிறான். இடையிலே திருட்டுக் குழாய் போடுவோர் ஏழை எளியவர் அல்லர் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பருவநிலை மாற்றம் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். பாமரன் அதைப் பட்டே அறிந்தவன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாயின. தென்னை பட்டது, தேங்காய் பறிப்பவனுக்கும் உரிப்பவனுக்கும் கூலி போயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலோ, மலைக்கு அப்பால் கேரளமே வெள்ளத்தில் மிதந்தது!

டில்லி 2008-இல் பருவநிலைச் செயல்திட்டம் தீட்டியது. எட்டு இயக்கங்கள்; நீருக்கு ஒன்று, வேளாண்மைக்கு வேறொன்று. தண்ணீர் இல்லாத வேளாண்மையை எந்த ஊரில் கண்டார்களோ! நீர்ப் பயன்பாட்டுத் திறனை 20 விழுக்காடு கூட்டுவது குறிக்கோளாம். எந்த நீரை? வாராத நீரையா?

முப்பதாண்டு கழித்து மறு ஆய்வு என்று ஒப்பந்தமே கூறுகிறது. 1958 நவம்பரிலிருந்து கணக்கு. 1988 வந்தது, போனது. 2019-இல்தான் இரு முதலமைச்சர்களும் அமர்ந்து பேசிக் குழு அமைக்க இசைந்தார்கள். மழையின் கணக்கு மாறியபின் பழைய கணக்கில் பங்கிடுவது எப்படி? பருவநிலைத் திட்டத்தின் முதல் ஏடாக இந்த மறு ஆய்வை வையுங்கள் என்கிறோம். சித்தூர் உழவன் வயல் காயட்டும் என்று கேட்கவில்லை. அவனும் நம் தோழனே. பெருமழை ஆண்டில் மிகுநீரைக் கோதவாடிக் குளத்துக்கும் பிற குளங்களுக்கும் விடுங்கள், சுற்றுக் கிணறுகள் ஊறட்டும். வறண்ட ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதை முன்னதாகவே எழுதி வையுங்கள். பணத்தை டில்லி தரட்டும். எந்த மடையை எப்போது திறப்பது என்பதை மடையருகே வாழ்பவன் சொல்லட்டும்.