மருந்துச் சீட்டை எழுதும் கை எவர் கை?

அங்காடியில் எப்பொருளை வாங்கினும், வாங்குபவனே தேர்கிறான். அவனே விலையும் தருகிறான். கத்தரிக்காயை முற்றல் என்று தள்ளலாம்; துணியை இழை பிரித்துப் பார்க்கலாம். மருந்துக் கடையில் மட்டும் இம்முறை தலைகீழ். தேர்பவர் மருத்துவர், விலை தருபவர் நோயாளர். தேர்பவர்க்குப் பணச்சுமை இல்லை; சுமை தாங்குபவர்க்குத் தேரும் உரிமை இல்லை. இந்த இடைவெளியில்தான் மருந்துக் குழுமங்கள் கடை விரித்திருக்கின்றன.

மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கரிசல் உழவரையும், சிவகாசி, சாத்தூர்ப் பட்டாசுப் பட்டறைகளில் நாட்கூலிக்கு உழைப்பவரையும் எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் கண்டால் அன்றைய கூலி போயிற்று. மருத்துவர்க்குக் கட்டணம் தந்தபின், கையில் கிடைக்கும் சீட்டில் நான்கைந்து மருந்துகள். அவற்றுள் எது நோய் தீர்ப்பது, எது வெறும் ஊட்ட மாத்திரை, எது எவரோ தந்த பரிசுக்குக் கைமாறாக எழுதப்பட்டது என்று அவ்வேழை எங்ஙனம் அறிவார்?

'இஃது வீண் ஐயம்' என்பார்க்கு உச்ச நயன்மன்றத் தீர்ப்பொன்றையே விடையாகக் காட்டுவோம். சென்னையைச் சார்ந்த அபெக்சு இலேபரட்டரீசு என்னும் மருந்துக் குழுமம், 'சிங்கோவிட்டு' என்னும் தன் ஊட்ட மாத்திரையைப் பரப்புதற்காக மருத்துவர்க்கு விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், பொற்காசு, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி முதலியவற்றை வழங்கியது. அவ்வகையில் 4,72,91,159 உருபாவைத் தொழிற்செலவாகக் காட்டி, வருவாய் வரியில் கழிவும் கேட்டது! 'பரிசு பெறக்கூடாது என்னும் விதி மருத்துவரைத்தானே கட்டும். எம்மைக் கட்டாதே' என்பது அதன் வழக்குரை. 2022 பிப்பிரவரி 22-இல் உச்ச நயன்மன்றம் அதனை மறுத்தது. வாங்குவது குற்றமெனில் கொடுப்பதும் அக்குற்றத்தின் மறுபாதியே என்றும், இப்பரிசுகளின் செலவு மருந்தின் விலையிலேறி முடிவில் நோயாளர் தலையிலேயே விழுகிறது என்றும் தெளிவுறுத்தியது. வரிக்கழிவு தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோயாளர் ஒருமுறை மருந்து விலையாகவும், மறுமுறை அரசின் வரியிழப்பாகவும் அப்பொற்காசுக்கு ஈடு கட்டியிருப்பர்!

மருத்துவர் அனைவரும் விலைபோனவர் என்று நாம் கூறவில்லை. குறைந்த கட்டணத்தில் நாளெல்லாம் உழைக்கும் நன்மருத்துவர் நம்மூர்களில் உளர். ஆயினும், செஞ்சோற்றுக் கடன் என்னும் உணர்வு நம் மண்ணில் ஆழ வேரோடியது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் எண்ணாத அந்நல்லுணர்வையே குழுமங்கள் முதலாக்குகின்றன. ஊதியம் வாராத இடத்தில் ஒரு காசும் போடாத வணிகர், மருத்துவர்க்கு மட்டும் அன்பினாலா அள்ளிக் கொடுப்பர்?

இதற்குச் சட்டக் காப்பு உண்டா எனில், அரைகுறையாகவே உண்டு. மருத்துவர் பரிசு பெறுவதை 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. கொடுக்கும் குழுமங்கட்கோ 2015 முதல் நடுவண் அரசு செயற்படுத்திய நடைமுறைக் கோவை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நின்றது. 2024 மார்ச்சில் அது புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் முறையீட்டை உசாவுவது குழுமங்களின் கூட்டமைப்புகளே அமைக்கும் குழு! பாலுக்குப் பூனை காவல்!

நோய்க்கு மருந்து தெரியாமலில்லை. 1975-இல் ஆத்தி குழு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கிப் பொதுப்பெயரால் மருந்து வழங்கப் பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 1971-இல் இலங்கையில் பேராசிரியர் செனக பிபிலே அரசு மருந்துக் கழகத்தை அமைத்து, பொதுப்பெயரால் மருந்து கொள்முதல் செய்யும் வழியைத் திறந்தார். மருத்துவர்க்குக் குழுமங்கள் தந்த பணத்தையெல்லாம் எவரும் காணுமாறு வெளியிட 2010-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2014 முதல் அக்கணக்கு அம்பலத்தில் இருக்கிறது. இங்கோ, பொதுப்பெயரால் எழுதாத மருத்துவரை ஒறுக்க 2023 ஆகசுட்டில் நடுவண் மருத்துவ ஆணையம் கொணர்ந்த விதி, மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்பால் அதே திங்களில் நிறுத்தி வைக்கப்பட்டது.

'பொதுப்பெயர் மருந்தின் தரத்தை எவ்வாறு நம்புவது?' என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானதே. ஆனால் விடை தமிழ்நாட்டிலேயே உள்ளது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயரால் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகங்களில் தரம் பார்த்த பின்னரே அரசு மருத்துவமனைகட்கு அனுப்புகிறது. அரசு மருத்துவமனையில் நம் மக்களைக் காக்கும் அம்மருந்து, தெருக்கோடித் தனியார் மருத்துவமனைக்கு மட்டும் தரமற்றதாகி விடுமா? 'பொதுப்பெயரால் எழுதினால், மிகுந்த ஊதியம் தரும் மருந்தைக் கடைக்காரர் தள்ளிவிடுவாரே' என்பதும் உண்மையே. அதற்காகவே அரசு மருந்தகங்கள் வேண்டும். 2025 பிப்பிரவரியில் தமிழ்நாடெங்கும் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் அவ்வழியில் ஓரடி. அவை சிற்றூர்தோறும் பெருக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்வோம். புரியாத அயன்மொழியில், படிக்க முடியாத கிறுக்கலில் வணிகப் பெயர் எழுதப்படும் வரை, இவ்வேமாற்றுக்கு இருள் துணை நிற்கும். மருந்தின் பொதுப்பெயரும், எதற்காக, எத்தனை நாள், எவ்வேளை உண்பது என்பதும் நோயாளரின் தாய்மொழியாம் தமிழில் தெளிவாக எழுதப்படட்டும். படித்தறியக் கூடிய சீட்டில் பொய்க்கு இடம் குறையும்.

எனவே, பரிசு கொடுக்கும் குழுமத்தையும் ஒறுக்கும் முழுச்சட்டம் வேண்டும். கொடுத்த கணக்கு ஆண்டுதோறும் அம்பலமாதல் வேண்டும். சீட்டு தமிழில் வேண்டும். அவை வரும்வரை வாய்மூடி இருத்தல் வேண்டா. 'ஐயா, இம்மருந்தின் பொதுப்பெயர் என்ன? இதே மருந்து குறைந்த விலையில் உண்டா? இவ்வூட்ட மாத்திரை எனக்குக் கட்டாயம் வேண்டுமா?' என்று பணிவாக, ஆனால் துணிவாகக் கேளுங்கள். நன்மருத்துவர் மகிழ்ந்து விடை சொல்வார். சினப்பவர் யாரென்பதும் அன்றே தெரிந்துவிடும்!