‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்

“தேடிப் பார்த்தாச்சு, இல்லை.”

ஒருவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப இதைவிடச் சுலபமான வாக்கியம் தமிழில் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சொல்கிறார்கள், நூலகத்தில் சொல்கிறார்கள், இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன், பெங்களூரில் மெயின்ஃப்ரேம் வேலை. இந்த வாக்கியம் எவ்வளவு அரைகுறையானது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, சோறு போடும் ஒரு பழைய மென்பொருள்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் தரவின் நகல்களை இன்றைக்கும் காந்த நாடாக்களில் வைத்திருக்கின்றன. ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமில் அந்த நாடாக்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. முழுப்பெயர் டி.எஃப்.எஸ்.எம்.எஸ்.ஆர்.எம்.எம்., நாங்கள் கூப்பிடுவது ஆர்.எம்.எம். ஒவ்வொரு நாடாவுக்கும் ஆறு எழுத்தில் ஒரு பெயர், யாருடையது, அதில் என்னென்ன கோப்புகள், எந்த அடுக்கில் இருக்கிறது, எப்போது காலாவதி என்று எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருக்கும். நாடாவைத் தேட ஒரு கட்டளை, கோப்பைத் தேட ஒன்று, அடுக்கைத் தேட ஒன்று, உரிமையாளரைத் தேட இன்னொன்று.

இந்தத் தேடலுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. நாடாவைத் தேடும்போது உரிமையாளர் யார் என்று நீங்கள் சொல்லாவிட்டால், தேடுகிற ஆளின் ஐ.டி.யையே உரிமையாளராக எடுத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த பையன் கட்டளையை அடித்தால் ஒன்றுமே வராது. அறை நிறைய நாடா இருக்கும், அவன் பேரில் ஒன்றும் இருக்காது, அவ்ளோதான். எல்லாருடையதும் வேண்டுமென்றால் உரிமையாளர் இடத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும். இரண்டாவது பழக்கம், எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் நாற்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அப்படி நிறுத்தும்போது சும்மா நிறுத்தாது. தேடல் முடிந்தது, இன்னும் பதிவுகள் இருக்கக்கூடும் என்று ஒரு செய்தி போட்டுவிட்டுத்தான் நிறுத்தும்.

என் சண்டை முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான். தான் எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு இயந்திரம் சொல்கிறது. சட்டப்படி முத்திரை குத்தி ‘இல்லை’ என்று எழுதித் தரும் நம் நிறுவனங்களுக்கு மட்டும் அந்தப் பழக்கம் எப்படி வராமல் போனது?

வில்லங்கச் சான்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மீது பதிவான பத்திரம் எதுவும் கிடைக்காவிட்டால் தருவதை ஊரில் ‘நில் இ.சி.’ என்பார்கள். அதைக் கையில் வாங்கியதும் நிலத்தில் வில்லங்கமே இல்லை என்று மக்கள் நம்புகிறார்கள். அந்தத் தாள் உண்மையில் சொல்வது வேறு. நீங்கள் கொடுத்த கிராமத்தில், நீங்கள் கொடுத்த சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட வருடங்களுக்குள், ஒரு குறிப்பிட்ட பதிவுப் புத்தகத்தின் அட்டவணையில் எதுவும் அகப்படவில்லை. உயில்கள் வேறு புத்தகத்தில் பதிவாகின்றன, அவை இதில் வராது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் வராது. 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த யூ.டி.ஆர். பணியில் எத்தனையோ உட்பிரிவு எண்கள் மாறின. பழைய பத்திரம் பழைய எண்ணில் கிடக்கும், நீங்கள் புது எண்ணைக் கொடுத்துத் தேடுவீர்கள். பதில் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியில் இருந்த ஓட்டையெல்லாம் பதிலில் ‘இல்லை’யாக மாறி வரும்.

எங்கள் மாவட்டத்தின் பெயரே தேடுகிறவருக்கு ஒரு பொறி. அரசு எழுதுவது தருமபுரி, நாங்கள் எழுதுவது தர்மபுரி. பழைய பெயர் தகடூர். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி கைக்குப் போனபோது இது பாரமகாலின் ஒரு பகுதி. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வரி போட்ட காலத்து ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் அச்சாகியிருக்கின்றன. பிறகு சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒரு ஆவணக்காப்பகத்தின் தேடல் பெட்டியில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று மட்டும் அடித்தால் 1965-க்கு முன்னால் இங்கே மனிதர்களே இருந்ததாகத் தெரியாது. பென்னாகரத்து விவசாயி தன் தாத்தாவின் நிலத்தைச் சேலத்தின் பெயரில் தேட வேண்டும் என்று எந்தப் பெட்டி அவருக்குச் சொல்கிறது?

“உங்க கிட்ட பத்திர நம்பர் இருந்தா பார்க்கலாம்” என்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து, நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். வீட்டுச் சாமான்களோடு பள்ளிச் சான்றிதழ்களும் பத்திரங்களும் எரிந்தன. நகல் கேட்டு அலுவலகத்துக்குப் போகிறவரிடம் எண் கேட்டால், அந்த எண் இருந்த தாள்தான் எரிந்துபோனது. வீட்டில் தாள் இருப்பவனுக்குத் தேடல் ஒரு வசதி. தாளைப் பறிகொடுத்தவனுக்கு அது மட்டுமே வழி. அந்த வழியைப் பெயரை வைத்து, தெருவை வைத்து, அப்பா பெயரை வைத்து, தோராயமான வருடத்தை வைத்துத் தேடும்படி திறந்து வைக்காத எந்த அமைப்பும் இருப்பவன் பக்கம்தான் நிற்கிறது. ஆர்.எம்.எம். ஒரே நாடாவை இத்தனை வாசல் வழியாகத் தேட விடுவதன் காரணமும் இதுதான். எந்த வாசலின் சாவி யாரிடம் மிச்சம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது.

இலக்கியம் படிக்கிற நாம் இதிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உரிமையாளர் இடத்தில் தன் ஐ.டி.யையே வைத்துத் தேடும் பழக்கம் நம் இலக்கிய வரலாற்றுக்கும் உண்டு. அயோத்திதாசர் 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார். அவருடைய எழுத்துகளைக் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தின் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாகவும் வெளியிட்டது. எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணம். ஆனாலும் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிடும்வரை பெரும்பாலான வாசகர்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. எழுத்து இருந்தது, அச்சும் இருந்தது, வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தேடியவர்கள் தங்களுடைய அலமாரியில் மட்டும் தேடினார்கள். அதில் இல்லை என்பதை ‘தமிழில் இல்லை’ என்று எழுதினார்கள். நட்சத்திரக் குறி போட யாருக்கும் தோன்றவில்லை.

“இதுக்குத்தானே எல்லாத்தையும் ஸ்கேன் பண்றோம், இனி ஏ.ஐ. தேடித் தரும்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்கேன் பண்ணுவது நல்ல காரியம். ஆனால் படம் எடுத்துப் பெயரிடாமல் போட்டு வைத்த பக்கம், பட்டியலில் ஏறாத நாடா மாதிரிதான். அறையில் இருக்கும், கேட்டால் வராது. ஏ.ஐ.யும் தனக்குக் கொடுத்ததற்குள்தான் துழாவுகிறது. எதற்குள் துழாவியது, எங்கே நிறுத்தியது என்று தானாக வந்து சொல்வதும் அரிது. அந்த ஒரு விஷயத்தில் நாற்பதோடு நின்று வாய்விட்டுச் சொல்லும் பழைய ஆர்.எம்.எம். எவ்வளவோ மேல்.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆள் பற்றாக்குறையும் வரிசையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கேட்பது கூடுதல் உழைப்பு அல்ல, கூடுதலாக ஒரு பத்தி. ‘இல்லை’ என்று பதில் தரும் எந்த அலுவலகமும், நூலகமும், இணையதளமும், எந்தப் பெயரில், எந்தெந்த எழுத்து வடிவங்களில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, எந்தப் புத்தகத்தில் தேடியது, எதில் தேடவில்லை என்பதைக் கேட்டவருக்குப் புரிகிற தமிழில் அதே தாளில் அச்சிட வேண்டும். கட்டுரை எழுதும் நமக்கும் இது பொருந்தும். ‘அந்தக் காலத்தில் யாரும் எழுதவில்லை’ என்று எழுதுவதற்கு முன் எந்த நூலகம், எந்த இதழ்கள் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லையா, அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

அதுவரை, யாராவது உங்களிடம் ‘தேடிப் பார்த்தாச்சு, இல்லை’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். “எந்தப் பேர்ல தேடினீங்க, எந்த வருஷத்துல இருந்து?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விடாதீர்கள்.