பதினேழு வயதோடு முடியும் பந்தயம்

பெண்ணுக்குச் சைக்கிள் கொடுத்துவிட்டோம் என்று நம் சமூகம் பெருமைப்படுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய அரசின் சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. இன்று தேவதானத்திலும் சேத்தூரிலும் மலையைப் பார்த்தபடி மாணவிகள் சைக்கிளில் போவதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

ஆனால் எதற்காகக் கொடுத்தோம்? பள்ளிக்கூடம் போய்த் திரும்ப. அவள் எவ்வளவு வேகமாக மிதிப்பாள் என்று ஆண்டில் ஒரு நாள்தான் கேட்கிறோம். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் சைக்கிள் போட்டியில், பதினேழு வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 15. எந்த உடலை அளந்து அந்த ஐந்து கிலோமீட்டரைக் குறைத்தார்கள்? பிளஸ் டூ முடிந்தால் அந்தப் பதினைந்தும் இல்லை. சைக்கிள் தம்பிக்குப் போகிறது. அவள் மில் வண்டியில் ஏறுகிறாள்.

நெதர்லாந்தின் அன்னெமிக் வான் ஃப்ளூட்டன் இருபதுகளின் நடுவில்தான் பந்தய சைக்கிளுக்கே வந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முன்னணியில் இருந்தபோது மலை இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. 2019 உலகப் போட்டியில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தன்னந்தனியாக மிதித்து வென்றார். 2022இல், 39 வயதில், முழங்கை முறிந்த நிலையிலேயே மீண்டும் உலகப் பட்டம். ஓய்வு பெறும்போது வயது நாற்பது.

அந்த வயதுகளைப் பாருங்கள். இருபத்தைந்திலிருந்து நாற்பது. நம் ஊரில் அவை கல்யாணத்துக்கும் பேறுகாலத்துக்கும் அடுப்படிக்கும் மாமியாருக்கும் எழுதிவைக்கப்பட்டவை. உடலின் மிகச் சிறந்த பதினைந்து ஆண்டுகளைப் பறித்துக்கொண்டு, 'நம்ம பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்தத் தெம்பு இல்லை' என்கிறோம்.

ஐரோப்பாவிலும் யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. ஆண்களின் டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. பெண்களுக்கு 1984இல் வந்த பந்தயம் 1989க்குப் பின் அதே வடிவில் நிலைக்கவில்லை. 2013இல் மரியான் வோஸ் உள்ளிட்ட நான்கு வீராங்கனைகள் மனுப்போட்டுப் போராடினார்கள். 2022இல்தான் இன்றைய பெண்கள் டூர் வந்தது: ஆண்களுக்கு 21 கட்டங்கள், பெண்களுக்கு 8. வென்றவருக்கு ஆண் பெறுவதில் பத்தில் ஒரு பங்கு, 50,000 யூரோ. உயர்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததே 2020இல்தான். அங்கும் தூரத்தைக் குறைத்தார்கள், கூலியைக் குறைத்தார்கள். பெண்கள் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

'சோற்றுக்கே வழியில்லை, இதில் பந்தயமா?' என்பார்கள். ஊர்த் திருவிழாவில் ஆண்களின் கபடிக்கு வரி பிரிக்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. பெண் காசில்லாமல் விளையாடினால் வீண் வேலை. காசுக்கு விளையாடினால் அடங்காதவள். சம்பளம் தரும் தொழிலாக அவள் ஓட்டத்தை ஏற்க மறுப்பதற்கு வறுமை ஒரு சாக்கு.

மாணவிகளே, சைக்கிள் கொடுத்ததற்கு நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து கிலோமீட்டரைக் கேளுங்கள். பதினெட்டுக்குப் பிறகும் போட்டி கேளுங்கள், பயிற்சியாளர் கேளுங்கள், சம்பளம் கேளுங்கள். தம்பி கை நீட்டினால், சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.