சுருட்டுக்கு மதிப்பெண் போடுவது யார்?

பெரிய அளவுச் சுருட்டு ஒன்றை நிதானமாகப் புகைத்து முடிக்க ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஆகவே அதை மதிப்பிட முற்படுவோருக்குத் தேர்ந்த நாக்கு இருந்தால் மட்டும் போதாது. எந்த வேலையும் குறுக்கிடாத ஒரு பிற்பகலும் கையிருப்பில் இருக்க வேண்டும். உயர்தரச் சுருட்டைப் பற்றிய சுவைக்குறிப்புகள் இந்தப் பிற்பகலைச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன. நிழல், சாய்வு நாற்காலி, கையருகே ஒரு கோப்பை. பிறகு முதற்பகுதியில் தேவதாரு மணம், நடுவில் கொக்கோவும் பதனிட்ட தோலும், கடைசியில் மிளகுக் காரம். சாம்பல் எவ்வளவு நீளம் உதிராமல் நின்றது, நெருப்பு வளையம் கோணாமல் நகர்ந்ததா, இழுப்பு இலகுவா இறுக்கமா என்பனவெல்லாம் குறிக்கப்பட்ட பின் நூற்றுக்கு 91 என்றோ 93 என்றோ ஓர் எண் வந்து விழுகிறது.

இந்த எண்ணுக்குப் பரவலான செல்வாக்கைத் தேடித் தந்தது 1992இல் நியூயார்க்கிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' இதழ். அதைத் தொடங்கிய மார்வின் ஷான்கன் ஏற்கெனவே மது இதழ் ஒன்றை நடத்திவந்தவர். திராட்சை மதுவுக்கு இட்ட நூறு புள்ளி அளவுகோலே சுருட்டுக்கும் வந்தது. இம்முறையின் நேர்மையைக் குறை சொல்வதற்கில்லை என்பர் அதன் ஆதரவாளர். சுருட்டைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையை அகற்றி, வணிகப்பெயர் தெரியாமல் சுவைத்தே புள்ளி இடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால் அந்தப் பட்டையில் இலை பறித்தவர் பெயரோ சுருட்டியவர் பெயரோ ஒருநாளும் அச்சிடப்பட்டதில்லை. பட்டையை உரிப்பதற்கு முன்பே அவர்கள் மறைக்கப்பட்டுவிட்டார்கள்.

மதிப்பீட்டாளர் தம் நாக்கின் நுட்பமாகக் கொண்டாடும் குணங்கள் பெரும்பாலும் வேறொருவர் விரல்களின் நுட்பமே. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்து இலையைச் சுருட்டும் தொழிலாளி, செடியின் உச்சியில் வெயில் குடித்துத் தடித்த, மெதுவாக எரியும் இலையை நடுவில் வைக்கிறார். அதைச் சுற்றி மெல்லிய இலைகளை மடித்து அடுக்குகிறார். தடித்த இலை நடுவிலிருந்து விலகினால் நெருப்பு வளையம் கோணிக்கொள்ளும். உள்ளிலை ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டால் புகை அடைபடும். கட்டு இலையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர விதி கிடையாது, பழகிய கைக்கே அது தெரியும். 1990களின் இறுதியில் சந்தை பெருத்து, கியூபா உற்பத்தியை அவசரமாகக் கூட்டியபோது, இழுக்கவே முடியாத சுருட்டுகள் என்ற முறையீடு உலகெங்கும் எழுந்தது. பிறகு தொழிற்கூடங்களில் இழுப்பைச் சோதிக்கும் பொறிகள் வைக்கப்பட்டன. சுவைஞர்கள் இதை வணிகப்பெயர்களின் வீழ்ச்சி என்று எழுதினார்கள். பயிற்சி முதிராத கைகளுக்கு உற்பத்தி இலக்கு விதித்தால் என்ன நேரும் என்பதே அங்கு நிகழ்ந்தது.

மேலுறை இலையின் பட்டுப்போன்ற மென்மையைப் புகழாத சுவைக்குறிப்பு அரிது. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் அவ்விலைக்காக வயல் முழுவதும் துணிப்பந்தல் போட்டு வெயிலை வடிகட்டுவார்கள். கல்லூரிப் படிப்புக்குப் பணம் சேர்க்க 1944 கோடையில் அங்கே சிம்ஸ்பரி வயல்களில் வேலைக்கு வந்த தென்மாநிலக் கறுப்பின மாணவர்களுள் பதினைந்து வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். ஈரப் புகையிலையைக் கையாளுபவரின் தோல் வழியே நிக்கோட்டின் உடலில் ஏறும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். 'பச்சைப் புகையிலை நோய்' என்று மருத்துவம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. மேலுறை இலையைத் தடவிப் பார்த்து மென்மைக்குப் புள்ளி இடும் தாளில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

சாம்பலை வாசிக்கும் கலைக்கு இலக்கியத்தில் ஷெர்லாக் ஹோம்ஸைவிடப் பெரிய ஆசான் கிடையாது. 1887இல் வெளிவந்த முதல் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் முடிவு செய்கிறார். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே தமிழின் 'சுருட்டு' தந்த கொடை. அத்தனை கூர்மையான அறிவும் ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உறையூரில் அதைச் சுருட்டியவர் எவருக்கும் துப்பு ஆகவில்லை.

நுகர்வுப் பண்பாட்டை ஆராய்வோர் இங்கே உடனே பூர்தியூவை மேற்கோள் காட்டுவது வழக்கம். சுவை என்பது வர்க்கத்தின் அடையாளம் என்று அவருடைய 1979ஆம் ஆண்டு நூல் நிறுவியது, அது நிற்கட்டும். ஆனால் அந்நூல் பார்க்கும் பக்கம் நுகர்வோர் பக்கம். அதை மட்டும் துணைக்கொண்டு பெருநகரச் சுருட்டுக் கூடத்துக்குள் நுழையும் ஆய்வாளர், யார் யாரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக்கொள்கிறார் என்று கணக்கிட்டுவிட்டு, அந்தக் கூடத்தின் சொல்லகராதியைத் தம் ஆய்வேட்டின் சொல்லகராதியாக்கிக்கொண்டு வெளியேறுகிறார். கியூப அறிஞர் பெர்னாண்டோ ஓர்த்திஸ் 1940இலேயே வேறு வழி காட்டியிருந்தார். புகையிலையையும் கரும்பையும் எதிரெதிர் நிறுத்தி, மண், இலை, உழைப்பு, முதலீடு என்ற வரிசையில் ஒரு தீவின் வரலாற்றையே எழுதியவர் அவர். அவருக்கும் புகையிலை மீது காதல் உண்டு. அந்தக் காதல் வயலையும் தொழிற்கூடத்தையும் மறைக்கவில்லை.

சுவைஞர் பெருமையோடு சொல்லும் 'மாண்டெகிறிஸ்தோ' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1935இல் தொடங்கிய அந்த வணிகப்பெயர் அலெக்சாந்தர் தூமாவின் நாவலிலிருந்து வந்தது. சுருட்டுபவர்கள் வேலைநேரத்தில் விரும்பிக் கேட்ட நாவல் அது. 1865இல் ஹவானாவின் எல் பிகாரோ தொழிற்கூடத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்கும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து திரட்டினார்கள். எந்த நூல் வேண்டும் என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். வாசிப்பு பிடித்திருந்தால் இலை நறுக்கும் கத்தியால் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். மறு ஆண்டே காலனி அரசு அதைத் தடை செய்தது, தடை நிலைக்கவில்லை. கடல் கடந்து புளோரிடாவின் டாம்பாவுக்குப் போன தொழிலாளர்கள் அவ்வழக்கத்தையும் உடன் கொண்டுசென்றார்கள். 1891இல் ஹொசே மார்த்தி கியூப விடுதலைக்கு ஆதரவு தேடி அவர்களிடம் வந்தார். 1931இல் டாம்பா முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றிவிட்டு வானொலிப் பெட்டியை வைத்தார்கள். கதை கேட்கும் தொழிலாளியைக் கண்டு அவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இதே காட்சி கண்ணூரிலும் உண்டு. அங்குள்ள பீடித் தொழிற்கூடங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். அவர் பங்குக்கான பீடிகளை மற்றவர்கள் சேர்த்துச் சுருட்டிவிடுவார்கள். 1969இல் உருவான கேரள தினேஷ் பீடி கூட்டுறவு இந்த வாசிப்பின் வழி வளர்ந்த மனிதர்கள் நடத்தியது. ஹவானாவிலிருந்து யாரும் வந்து கற்றுத்தரவில்லை. விரல்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்க, காதும் மனமும் ஒழிந்திருக்கும் தொழில் இது. இரண்டு ஊர்களிலும் தொழிலாளர்கள் அதை ஒரே விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுருட்டைச் சுற்றி உண்மையான ரசனை வளர்ந்த பிற்பகல் எது என்று கேட்டால், குளிரூட்டிய கூடத்தில் தேவதாரு மணத்தைத் தேடிய பிற்பகலைச் சுட்ட முடியாது.

இதற்கு இரு வகை மறுப்பு வரும். புகையிலை நஞ்சு, அதைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்பது முதலாவது. நஞ்சுதான். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் வரும்; பெரிய சுருட்டுகள் சிலவற்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை உண்டு. சுவைக்குறிப்பு மொழியின் நயம் இதையும் சேர்த்தே மூடுகிறது. ஆனால் நஞ்சு என்று சொல்லி முடித்துக்கொள்பவரும் புகைப்பவரின் நுரையீரலைத்தான் பார்க்கிறார். இலைத்தூசியை நாள் முழுதும் சுவாசிப்பவர் அவர் கண்ணிலும் படுவதில்லை. ஒருவரின் சிறு இன்பத்தைக் குலைப்பதா என்பது இரண்டாவது மறுப்பு. இன்பத்தை யாரும் பறிக்கவில்லை. இழுப்பு நன்று என்று எழுதுபவர், அந்த இழுப்பை உண்டாக்கிய கை ஒரு நாளில் எத்தனை சுருட்டுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒன்றுக்கு என்ன கூலி பெறுகிறது என்பதையும் அதே பத்தியில் எழுதினால் சுவை குறைந்துவிடுமானால், அந்தச் சுவை எதனால் ஆனது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் ஆய்வாளரைவிடத் தெளிவாக இருந்தது. கூடத்தின் நாற்காலியில் அமர்பவருக்குப் பீடியும் உயர்தரச் சுருட்டும் ஒரே வாக்கியத்தில் வரத் தகாதவை. 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரோ பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம்.