அச்சாணி இல்லாத தேர்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது முதுமொழி. பங்குனியில் மயிலை மாடவீதிகளில் அசைந்து வரும் தேரின் உயரத்தை நாம் வியக்கிறோம். அச்சாணியை யார் நோக்குகிறோம்? கணினி உலகிலும் இதே நிலைதான்.

அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் நுண்செயலித் திட்டம் 2014ஆம் ஆண்டு தொடங்கியது. 2018இல் அச்செயலி லினக்ஸை இயக்கிக் காட்டியது. உரிமத் தொகையின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டமைப்பில் அமைந்தது அது. நம் நகருக்கு இது பெருமையே!

ஆனால், செயலி மட்டும் போதுமா? மேசைக் கணினியின் செயலி அறிந்த மொழி ஒன்று. கைப்பேசியின் 'ஆர்ம்' செயலி அறிந்த மொழி வேறு. சக்தியின் மொழி மற்றொன்று. ஒன்றுக்கென ஆக்கிய மென்பொருளை இன்னொன்றுக்கு மூலநிரலிலிருந்து மறுபடி ஆக்க வேண்டும். அதுவும் தனியாக அன்று. படம் வரையும் மென்பொருள் வேறொரு தொகுப்பை நம்பியிருக்கும். அத்தொகுப்போ மற்றொன்றை நம்பியிருக்கும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும்.

உலகெங்குமுள்ள தன்னார்வலர் உருவாக்கும் 'டெபியன்' லினக்ஸ், 2013இல் வந்த 7ஆம் பதிப்பில் இதற்கு நல்வழி கண்டது. எழுத்துரு, அகராதி போன்றவை எல்லாச் செயலிகளுக்கும் பொது. பிற மென்பொருள்கள் தம்முள் இணைத்துக்கொள்ளும் நூலகத் தொகுப்போ அதே கட்டமைப்பைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு தொகுப்பிலும் குறித்து வைக்கும் முறை அப்போது வந்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதில் முறைப்படி இடம்பெற்றது.

"செயலியைப் படைப்பவரே அறிஞர், தொகுப்புகளைச் சரிபார்ப்பது வெறும் எழுத்தர் வேலை" என்பார் சிலர். நாம் இதை ஏற்கவில்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. எங்கோ ஒருவர் பொறுமையுடன் சீர்செய்த கண்ணி இங்கே நமக்கும் பயன்படுகிறது அன்றோ? அப்பொறுமை இல்லையேல் சக்தி போன்ற செயலி காட்சிப் பொருளாகவே நின்றுவிடும்.

ஆகவே, கணினி வகுப்பில் மென்பொருளை இயக்கக் கற்பது மட்டும் நமக்குப் போதாது. அது எவற்றைச் சார்ந்து இயங்குகிறது என்பதையும் கற்க வேண்டும். இப்பணிக்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஒரு கணினியும் விடாமுயற்சியும் இருந்தால் மாணவியரும் பங்கேற்கலாம்.

தோழியரே! வடம் பிடிப்போர் பலர் உளர். அச்சாணி செய்வோராக நாம் முன்வருவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி